கரும்பாறை மேட்டில் தள்ளியது யார்

சட்டையின் முதுகுப்புறத்தில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கை பதிந்திருந்தது.

லூர்துராணி அதைத் துவைகல்லில் விரித்து இரண்டு தடவை சவுக்காரம் தேய்த்துப் பார்த்துவிட்டாள். வியர்வைக் கறை போயிற்று, சங்கிலி எண்ணெய்கூடப் போயிற்று. அந்தக் கை மட்டும் போகவில்லை. சாம்பல் கலந்த கறுப்பு. உள்ளங்கையும் ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் வந்து பாருங்களேன்."

செபஸ்தியான் வந்து பார்த்தான். பார்த்ததும் அவனுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது.

"யார் வச்சது இந்தக் கை? நீயா?"

"நான் எதுக்குங்க வைக்கப்போறேன்? காலையில சட்டையைக் கழட்டிப் போட்டது நீங்க. நான் இப்பத்தான் எடுக்கிறேன்."

"அந்த மூணு பேரும் சொன்னதையே நீயும் சொல்றியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலையேங்க" என்றாள் அவள். ஆனால் சட்டையை விட்டு அவள் கண் அகலவில்லை. "பொம்பளைக் கை மாதிரி இருக்கு."

அவன் சட்டையைப் பிடுங்கி விறகடுப்பில் போட்டான். ஈரத்துணி நெடுநேரம் புகைந்துகொண்டு கிடந்தது. வீடெங்கும் தார் காய்ச்சுகிற வாடை அடித்தது.

அன்று காலைதான் அவன் ஜெயித்தான். ஜெயித்த பத்தாவது நிமிஷம் திருடன் ஆனான்.

பாலக்கரையிலிருந்து தினமும் கம்பெனிக்குப் போய்க் கடைசல் மெஷினில் நிற்கிற செபஸ்தியான் ஆறு வருஷமாக டெம்பரரி. அந்த 1961-ஆம் வருஷம், ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் மலையேற்ற சைக்கிள் போட்டியில் முதலாவதாக வருகிறவனுக்கு வேலை நிரந்தரம் என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். அவனிடம் ஒரு ரேஸ் சைக்கிள் இருந்தது. பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு கப்பலேறியபோது அவனிடம் விட்டுப்போனது. செம்மறியாட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹாண்டில்பார், விரல் தடிமனில் டயர், மட்கார்டு கிடையாது. ஒரு கையால் தூக்கிவிடலாம். எட்டு மாதம் வேலைக்குப் போகுமுன் அதை மிதித்து மிதித்துத் தொடையை இரும்பாக்கி வைத்திருந்தான்.

போட்டி நடந்த இடம் கரும்பாறை மேடு. எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி, மதுரை ரோட்டிலிருந்து மேற்கே பிரிகிற ஒற்றைத் தார் ரோடு. மொத்தமே இரண்டு ஃபர்லாங்குதான். ஆனால் சுவரில் சாத்திய ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். மாட்டு வண்டி ஏறாது. உச்சியில் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கட்டிய ஒரு காவல் கொட்டகை கூரையில்லாமல் கிடந்தது. அங்கே நின்றால் வடக்கே மலைக்கோட்டையும், அதற்கப்பால் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரமும் தெரியும்.

மற்றவர்கள் பாதி மேட்டில் இறங்கி உருட்டினார்கள். இரண்டே பேர் இரண்டரை நிமிஷத்தில் ஏறினார்கள். செபஸ்தியான் ஒன்றரை நிமிஷத்தில் ஏறினான்.

கிளப் காரியதரிசி சவரிராயன் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இரண்டு நடுவர்களையும் பார்த்தார். பிறகு பேரேட்டில் அவன் பெயரை அடித்தார்.

"தள்ளிவிட ஆள் வச்சுக்கிட்டு ஏறுறதுக்குப் பேரு போட்டி இல்ல செபஸ்தியான்."

"யார் சார் தள்ளினது?"

"எங்க மூணு பேரு கண்ணும் பொய் சொல்லுமா? சீட்டுக்குப் பின்னால கையை வச்சுத் தள்ளிக்கிட்டே ஓடி வந்தாங்க. பார்த்தோம்."

"யாரு? ஆள் எப்படி இருந்துச்சு? சொல்லுங்க சார்!"

சவரிராயன் ஒரு பெண் என்றார். இரண்டாவது நடுவர், இல்லை, தலை நரைத்த ஆள் என்றார். மூன்றாவது ஆள், ஒருத்தர் இல்லை, நாலைந்து பேர் இருக்கும் என்றார்.

"மூணு பேரும் மூணு விதமாச் சொல்றீங்களே, வெட்கமா இல்லையா?" என்று செபஸ்தியான் கத்தினான். மேட்டு உச்சியில் அவன் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. இத்தனை பேர் நிற்கிற இடத்தில், பகல் வெளிச்சத்தில், தள்ளினவன் எங்கே போய் ஒளிந்தான் என்று கேட்டான். சவரிராயன் பேரேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதுதான் அவனை இன்னும் கொளுத்தியது. மேனேஜரின் மச்சினன் இரண்டாவதாக வந்திருந்தான். அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

மறுநாள் மேனேஜர் அறை வாசலில் நாலு மணி நேரம் நின்று மனு எழுதிக்கொடுத்தான். கடைசியில் சவரிராயன் இறங்கிவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வேறு யாரும் இல்லாமல், அவன் ஒருவனே ஏறிக்காட்ட வேண்டும். உச்சியில் கடிகாரத்தோடு அவர் நிற்பார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செபஸ்தியான் பழகிப் பார்க்கப் போனான்.

மேட்டடியில் புளியமரத்துக்குக் கீழே காளியாயி கம்மங்கூழ்ப் பானையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கல் உடைக்கிறவர்களுக்குக் கூழ் ஊற்றுகிறவள். சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தி மூச்சை இழுத்தபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மிதித்தான். முதல் ஐம்பது கஜம் வழக்கம்போல் தொடை எரிந்தது. முன்சக்கரம் இடமும் வலமும் அலைந்தது. தார் இன்னும் சூடேறவில்லை, ஆனாலும் சூடான தார் வாடை வந்தது. அதோடு வெற்றிலை வாடை, கல் பொடியின் வறண்ட வாடை, பலநாள் துவைக்காத துணியில் காய்ந்த வியர்வை வாடை. எல்லாம் பின்னாலிருந்து, நெருக்கத்தில், ஒரு கூட்டத்துக்கு நடுவே நிற்கிறபோது வருகிற மாதிரி வந்தன. பாதி மேட்டில் ரோட்டோரம் ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டிருக்கும். அதைத் தாண்டியதும் எரிச்சல் நின்றது. கால் லேசாயிற்று. பெடல் தானே சுற்றுகிற மாதிரி கீழே போய் மேலே வந்தது.

'என் கால்தான்' என்று அவன் பல்லைக் கடித்தான். 'எட்டு மாதம் மிதித்த கால். என் கால்தான்.'

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவன் நிழல் நீளமாக முன்னால் ரோட்டில் விழுந்து அவனுக்கு முந்தி ஏறிக்கொண்டிருந்தது. குனிந்த தலை, வளைந்த முதுகு, இரண்டு சக்கரம். முதுகின் நிழலோடு ஒட்டி இன்னொன்று இருந்தது. குனிந்து, இரண்டு கையையும் நீட்டி. அதற்குப் பின்னால் இன்னொன்று. கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் சீராகக் கேட்டது. வெறுங்கால்கள் ரோட்டில் அறைகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தான். ரோடு காலியாக இருந்தது.

உச்சிக்குப் போய் இறங்கி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவனிடம் கேட்டால் அது கோபம் என்றுதான் சொல்லியிருப்பான். சைக்கிளைப் புளியமரத்தில் சாத்தினான்.

காளியாயி கூழைக் கரைத்துக்கொண்டே கேட்டாள்: "எத்தனை பேரு தள்ளுறாங்க தம்பி?"

"என்னம்மா சொன்ன?"

"எத்தனை பேருன்னு கேட்டேன்."

"உனக்கு எவ்வளவு கொடுத்தான் அந்த சவரிராயன்? சொல்லு! நீயும் அவனுக்குச் சாட்சியா?"

அவள் அகப்பையைப் பானையில் ஓங்கிப் போட்டாள். கூழ் அவன் கால்வரை தெறித்தது. அவனைவிட அவள் கோபம் பெரிதாக இருந்தது. எத்தனையோ வருஷமாக மூடிவைத்த கோபம்.

"எவன் கொடுத்தான் எனக்கு? அன்னைக்கும் எவனும் கொடுக்கல, இன்னைக்கும் எவனும் கொடுக்கல. சண்டைக் காலத்துல இந்த ரோட்டைப் போட்டவ நான். மேல எதிரி ஏரோப்ளேன் வருதான்னு பார்க்கக் கொட்டகை வேணும், பத்து நாள்ல ரோடு வேணும்னாங்க. மாடு ஏறல. அதனால மனுசங்கள வச்சு ரோலரை ஏத்தினாங்க. கல் ரோலர். முன்னால கயிறு கட்டி இழுக்குறவங்க, பின்னால கைய வச்சுத் தள்ளுறவங்க. நான் கயித்துல இருந்தேன். என் தங்கச்சி பின்னால."

அவன் மேட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"பாதி மேட்டுல காண்ட்ராக்டர் கார் வந்துச்சு. ஐயா பார்க்கணுமாம், நில்லுன்னான் மேஸ்திரி. நாங்க கத்துறோம், நிறுத்தாதீங்கய்யா, நிறுத்தாதீங்கய்யான்னு. ஐயாவுக்குக் கும்பிடு போடணும்னு கயித்தை விடச் சொன்னான். விட்டோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரோலர் பின்னால உருண்டுச்சு. பதினொரு பேரு. கணக்குல நாலு பேருன்னு எழுதினாங்க. அள்ளி எடுக்க நேரமில்லைன்னுட்டான். மறுநாளே அதுமேலயே ஜல்லியக் கொட்டித் தார ஊத்திட்டாங்க." அவள் பானையை மூடினாள். "ஏறுறதுன்னா ஏறு தம்பி. அவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மேல கொண்டுபோய் விட்டுடுவாங்க. நடுவுல மட்டும் நிறுத்தாத."

செபஸ்தியான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வழிநெடுக அவன் மனசு புழுங்கியது. அவர்களுக்காகக் கொஞ்சம் இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் அதைக் கோபம் தின்றது. எட்டு மாதம். மழையில், பனியில், சாப்பிடாமல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லூர்துராணி விழித்திருந்த நாளிலும் எழுந்துபோய் மிதித்தது. அதெல்லாம் அவன் கால் இல்லையா? செத்தவர்கள் வந்து ஏற்றிவிட்டதா? சவரிராயன் பறித்தது போதாதென்று இவர்களும் பறிக்கிறார்களா?

சனிக்கிழமை லூர்துராணி புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

"வேண்டாம்னு சொன்னா கேட்கவா போறீங்க" என்றாள்.

"என் கால்ல நான் ஏறுறேன். ஒருத்தன் கை என்மேல படாது" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேட்டடியில் யாரும் இல்லை. கல் உடைப்புக்கு லீவு. காளியாயியும் வரவில்லை. சூரியன் பனைமர உயரம் ஏறியிருந்தது. உச்சியில் சவரிராயன் ஒரு தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தார். வெள்ளைக் கைக்குட்டையைத் தூக்கினார். இறக்கினார்.

செபஸ்தியான் மிதித்தான்.

இந்தத் தடவை தொடை எரிந்ததில் அவனுக்குச் சந்தோஷம். எரியட்டும். அது அவன் எரிச்சல். ஹாண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, சீட்டை விட்டு எழுந்து, உடம்பு முழுவதையும் ஒரு பெடலில் ஏற்றி இறக்கி மறு பெடலில் ஏற்றினான். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் திரண்டு முன்சக்கரத்தில் சொட்டியது. சங்கிலி முனகியது. காற்றில்லை. பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வெற்றிலை வாடை வந்தது. தார் வாடை வந்தது. துருத்திய பாறை பக்கத்தில் வந்தது.

கால் லேசாயிற்று.

முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு கை பட்டது. சூடு இல்லை. குளிர்ச்சியும் இல்லை. கல் பொடி ஒட்டிய, காய்த்துப்போன, சின்னக் கை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சீட்டில் ஒன்று. பின்சக்கரத்துத் தண்டில் ஒன்று. வளையல் சத்தம்.

"எடு கையை" என்றான் பல்லுக்கிடையில்.

எடுக்கவில்லை. வேகம் கூடியது.

அப்போது உச்சியிலிருந்து சவரிராயன் கத்தினார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு கத்தினார்.

"செபஸ்தியான்! நிறுத்து! இப்பவும் தள்ளுறாங்க! நிறுத்துடா, திருட்டுப் பயலே!"

திருட்டுப் பயல். அந்த வார்த்தை அவன் மண்டைக்குள் போய் வெடித்தது. காளியாயி இல்லை, கூழ்ப்பானை இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. எல்லாம் அழிந்துபோயிற்று. நிறுத்திக் காட்டுகிறேன். பின்னால் ஒருத்தரும் இல்லை என்று அவர் கண்ணைத் திறந்து பார்க்கட்டும்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான். இடது காலை ரோட்டில் ஊன்றினான்.

நின்றது.

"பாருங்க சார்!" தொண்டை கிழியக் கத்தினான். "நல்லாப் பாருங்க! யார் இருக்கா? எவன் இருக்கான்?"

சவரிராயன் ஆட்டிய கை அப்படியே காற்றில் நின்றது. பிறகு அவர் மெதுவாகக் கைக்குட்டையால் கண்களை மூடிக்கொண்டார்.

முதுகிலிருந்த கைகள் நடுங்க ஆரம்பித்தன.

"நிறுத்தாதீங்கய்யா."

காதுக்குப் பின்னால். ஒரு பெண் குரல். மூச்சு வாங்க, மரியாதையாக.

"நிறுத்தாதீங்கய்யா. தாங்காதுங்க."

"ஐயா, பின்னால பிள்ளைத்தாய்ச்சி இருக்காங்கய்யா."

அவன் கோபம் அப்படியே வடிந்தது. வடிந்த இடத்தில் எலும்புவரை குளிர் ஏறியது. பெடலைத் தேடினான். காலுக்கு அகப்படவில்லை. அகப்பட்டது. முழு பலத்தோடு அழுத்தினான். நகரவில்லை. நிமிர்ந்து நிற்கிற ரோட்டில் நின்றுவிட்ட சைக்கிளை மறுபடி கிளப்ப முடியாது. அது அவனுக்குத் தெரியும். எந்த சைக்கிள்காரனுக்கும் தெரியும்.

முன்னால் ரோட்டில் அவன் நிழல் விழுந்திருந்தது. அவன் தலை இல்லை. ஹாண்டில்பார் இல்லை. உருண்டையாக, ஆள் உயரத்துக்கு, கறுப்பாக ஒன்று.

"அம்மா" என்றான்.

சக்கரம் பின்னால் நகர்ந்தது.

பிரேக்கை விடவில்லை. விரல் வெளுக்கப் பிடித்திருந்தான். சக்கரம் சுழலவே இல்லை. ஆனாலும் இறங்கியது. அவனுடைய கனம் இல்லை அது. சைக்கிளின் கனம் இல்லை. ஒரு மலையின் கனம்.

முதுகிலிருந்த கை அழுத்தியது. அழுத்தியது. மடங்கியது.

பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. மெத்தென்று. பிறகு உள்ளே ஏதோ முறிகிற சத்தம், காய்ந்த சுள்ளி மாதிரி.

ஒன்று.

"ஐயா—"

இரண்டு. மூன்று. வளையல் நொறுங்கியது. நாலு.

நாலோடு நிற்கவில்லை.

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காதை மூடக் கையில்லை. ஏழு. எட்டு. ஒவ்வொரு தடவையும் உடம்பு தூக்கிப்போட்டது. ஒவ்வொரு தடவையும் ஒரு குரல் குறைந்தது. கடைசிக் குரல் கத்தவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

பதினொன்று.

மேட்டடியில் சைக்கிள் சாய்ந்தது. அவன் தூரப்போய் விழுந்தான். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நெடுநேரம் மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். சத்தமே இல்லை. வெயில் மட்டும் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கினான்.

துருத்திய பாறையிலிருந்து மேட்டடிவரை ரோடு ஈரமாக மின்னியது. நடுவில் ஒரு பட்டையாக, ஒரு ரோலர் அகலத்துக்கு. அந்தப் பட்டையில் சிவப்புச் சேலை ஒன்று காயப்போட்ட மாதிரி மடிப்பில்லாமல் தட்டையாக ஒட்டியிருந்தது. அதற்கு மேலே ஒரு தலைப்பாகை. அதற்கும் மேலே என்னவென்று பார்க்க அவனால் முடியவில்லை.

உச்சியில் யாரும் இல்லை.

பட்டையின் கீழ்முனை அவன் சைக்கிளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அங்கே தார் லேசாகப் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

ஓடு என்று அவன் உடம்பிடம் சொன்னான். உடம்பு கேட்கவில்லை.

தாரிலிருந்து ஒரு கை உரிந்து எழுந்தது. வாழை இலை மாதிரி தட்டையாக, கனமே இல்லாமல். விரல்கள் காற்றில் துழாவின. சைக்கிள் சீட்டைத் தேடிப் பிடித்தன. இன்னொரு கை எழுந்தது. இன்னொன்று. விழுந்து கிடந்த சைக்கிளை அவை பூப்போலத் தூக்கி, மேட்டைப் பார்க்கத் திருப்பி, நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டன.

"ஏறுங்கய்யா" என்றது ரோடு.

வெயிலில் மின்னிய அந்தப் பட்டை நெடுக, பாறைவரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் உரிந்து எழுந்துகொண்டிருந்தன. தள்ளுவதற்கு.